மச்சான் கொடுத்த கணினி

நூம்பல்,
வியாழக்கிழமை, காலை மணி பத்து (எங்கள் வீட்டுக் கடிகாரப்படி)

மதிப்பிற்குரிய மச்சான் வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, அக்கா புருஷன் ஆனந்தன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா பூங்காவனமும் மகள் சுரேகாவும் சௌக்கியம். ஒருவரோடொருவர் பேசுவதில்லை, அவ்வளவுதான். முத்தாபுதுப்பேட்டையில் தாங்களும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். ஒரு வாரமாக என் போனை எடுக்காததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுரேகாவுக்கு வேலை கிடைத்தபோது, தாய்மாமன் சீர் என்று தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கோடு ஒரு கணினியை வைத்துக் கொடுத்தீர்கள். "எங்கியோ பழச வாங்கி, தொடச்சி, என் பொண்ணு தலைல கட்டிட்டாரு" என்று சென்ற வாரம் நான் போனில் சொன்னது தப்பு. போனை எடுத்த உங்கள் வீட்டார் ஸ்பீக்கரில் போட்டிருந்ததும், நீங்கள் பக்கத்திலிருந்து கேட்டதும் எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

சுரேகாவின் கம்பெனி பஸ் டிக்கெட் விற்கும் இணையதளம் ஒன்றை நடத்துகிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். யாரும் தொடாமலே அது பிரவுசரைத் திறக்கும், உள்ளே நுழையும், ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடிக்கும். எல்லாம் சரியென்றால் பச்சை, எங்காவது மாட்டிக்கொண்டால் சிவப்பு. ஆபீஸில் அத்தனை பேர் கணினியிலும் பச்சை, நம் வீட்டில் மட்டும் வாசலிலேயே சிவப்பு. அவளுடைய மேலாளர் ராகேஷ் "எங்ககிட்ட ஓடுதே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கணினியில் பச்சை வராவிட்டால், வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், பூனா ஆபீஸுக்கே வந்துவிடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மச்சான், அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உங்கள் அக்காவும் மட்டும் உட்கார்ந்து எதைப் பேசுவோம்?

ஆகவே நானே களத்தில் இறங்கினேன். கணினிக்குக் காற்று போதவில்லையோ என்று டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்தேன், சுரேகாவின் காகிதங்கள் எல்லாம் பறந்து பக்கத்து வீட்டுச் சாக்கடையில் விழுந்தன. சிக்னல் குறைவோ என்று வைஃபை பெட்டியைப் பரண்மேல் ஏற்றினேன், ஏற்றும்போது டிவி ஒயர் அறுந்து உங்கள் அக்காவின் சீரியல் நின்றது, அன்றிலிருந்து எனக்குக் காபியும் நின்றது. சுரேகா பிரவுசரைக் கழற்றி மறுபடி போட்டாள், சிவப்பு. மென்பொருளைக் கழற்றிப் போட்டாள், சிவப்பு. உங்கள் அக்கா திருஷ்டி கழித்துத் தெருவில் பூசணிக்காய் உடைத்தாள், அதில் வழுக்கி விழுந்தவன் நான்தான். இடுப்பில் தைலத்தோடு படுத்திருந்த நேரத்தில்தான் உங்களுக்குப் போன் போட்டேன். வலியில் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா?

நேற்று ராகேஷ் வீடியோவில் வந்து திரையைப் பார்த்தார். "சுரேகா, மூலைல இன்னா டைம் காட்டுது? எங்களுக்கெல்லாம் பன்னெண்டு, உனுக்கு மட்டும் பன்னெண்டு பத்தா?"

"ஆமா சார், எங்க ஊட்ல எல்லா கடிகாரமும் அப்டித்தான் கீது. நைனா வெச்சது."

உங்களுக்குத்தான் தெரியுமே. ஆவடி ஃபேக்டரியில் ஒரு நாள்கூட லேட் ஆகாமல் ரிடையர் ஆனவன் நான், பத்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரங்களால். கணினியிலும் அப்படியே வைத்தேன். அது தானாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, என்ன திமிர்! தானாக மாறும் வசதியைத் தேடிப்பிடித்து அணைத்தேன். சுரேகாவுக்கு இது கண்ணிலேயே படவில்லை. பிறந்ததிலிருந்து பத்தைக் கழித்தே மணி பார்க்கிறவள் அவள்.

அந்த மென்பொருள் கணினியின் மணியைப் பார்த்து ஒரு ரகசிய எண்ணைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழையுமாம். அரை நிமிடத்துக்கு ஒரு எண். நம்முடையது பத்து நிமிடம் கழித்து வரவேண்டிய எண்ணை இப்போதே நீட்டியிருக்கிறது, அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். முன்கூட்டியே வந்து நிற்பவனை வெளியே தள்ளும் கம்பெனி உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்!

"அங்கிள், ஊட்ல அல்லாரும் பத்தைக் கழிச்சிக்கினா, அப்புறம் எதுக்கு முன்னாடி வெக்கிறீங்க?" என்று ராகேஷ் கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குத் தொண்டை வலி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

சுரேகா நேரத்தைச் சரிசெய்தாள். உடனே பச்சை! உங்கள் அக்கா அழுதேவிட்டாள், எனக்கும் கண் கலங்கியது, தைலம் என்று சமாளித்தேன். நாளைக்கு மேலிடத்துக்கு ஓட்டிக் காட்டினால் பூனா இல்லை. உங்கள் சீர் தங்கம், மச்சான். உங்கள் கல்யாணத்துக்கே நீங்கள் லேட்டாக வந்தீர்கள் என்று இனி சபையில் சொல்லமாட்டேன்.

தங்கள் குடும்பம் எல்லாச் செல்வமும் பெற்று, போனையும் எடுத்து, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
ஆனந்தன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். சாயங்காலம் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது கணினியில் மணி பார்த்துவிட்டு, பழக்கப்படி பத்தைக் கழித்து, நிதானமாக நடந்தேன். என் கண்ணெதிரே போஸ்ட் ஆபீஸ் கதவைச் சாத்தினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக லேட்! வந்ததும் முதல் வேலையாகக் கணினியைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்தேன். இதோ உள்ளே சுரேகா கத்துகிறாள்: "மறுபடியும் சிவப்பு! உடும்மா, நானே பூனாவுக்குப் போறேன்!" ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. கோளாறு உங்கள் கணினியில்தான்.