முப்பத்தேழாம் பக்கம்

முப்பத்தேழாம் பக்கத்தைப் பற்றி இன்றைக்கும் ஒரு போன்கூட வரவில்லை என்று உதவி எண்ணில் உட்காரும் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு, தண்ணீர் வெளியேறாத யாருடைய வாஷிங் மெஷினுக்கோ ஆறுதல் சொல்லப் போய்விட்டாள். கையேட்டுக்காரர் அவள் மேசைக் காலண்டரில் நாளை எண்ணிப் பார்த்தார். கெடு முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அவர் பதினேழு வருஷமாக ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் பயனர் கையேடு எழுதுகிறவர். கல்யாணப் பேச்சில் 'எழுத்தாளர்' என்று சொல்லிவைத்திருந்ததால், மாமியார் வீட்டார் முதல் ஒரு வருஷம் பத்திரிகை பத்திரிகையாக அவர் பெயரைத் தேடினார்கள். விஷயம் தெரிந்ததும் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மனிதருக்கோ தன் வேலையில் ஒரு குறையும் தெரியாது. 'கதவைத் திறக்கும் முன் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள்' என்ற ஒரே வரியை இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்தவர் அவர். அந்த வரியால் எத்தனை வீட்டுத் தரை நனையாமல் இருக்கிறது என்று நினைத்தாலே அவருக்கு நெஞ்சு நிமிரும்.

வினை ஒரு மீட்டிங்கில் வந்தது. கையேட்டை எவனும் படிப்பதில்லை, நாலு படம் போட்ட ஒரே தாள் போதும், எழுத்துப் பிரிவை மூடிவிடலாம் என்றார் முதலாளி. எழுத்துப் பிரிவு என்பது மொத்தம் இரண்டு பேர். ஒருவர் கையேட்டுக்காரர், மற்றவர் அவர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடும் துறைத் தலைவர். தலைவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ரோஷம் வந்து வாயை விட்டவர் கையேட்டுக்காரர்தான். அடுத்த பதிப்பில் முப்பத்தேழாம் பக்கத்தில், எச்சரிக்கைகளுக்கெல்லாம் அடியில், ஒரு வரி சேர்ப்போம் என்றார். அதைப் படித்தவர்கள் உதவி எண்ணை அழைத்துப் பக்க எண்ணைச் சொன்னால் ஒரு துணிக் கூடை இலவசம்.

"நாலு மாசம் டைம் தரேன்," என்றார் முதலாளி. "இருபது பேர் கூப்பிட்டா உங்க பிரிவு இருக்கட்டும். இல்லைன்னா ஒரே தாள்."

கையேட்டுக்காரர் ப்ரூஃபை நாலு தடவை பார்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவர் குளியலறை வாசலில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர்கள் வீட்டு மெஷின் போன வருஷம் கம்பெனி கொடுத்தது. ஓடும்போது ஆடும். ஆடாமல் இருக்க ஒரு காலுக்கடியில் அதன் கையேட்டையே கவர் பிரிக்காமல் செருகிவைத்திருந்தார்கள்.

"நம்ம வீட்டுலயே அதைப் பிரிக்கலையேங்க," என்றாள் மனைவி.

"நான் எழுதினதை நானே எதுக்குப் படிக்கணும்?"

மனைவி அதற்கு மேல் வாதாடவில்லை. நானே ஒரு போன் பண்ணட்டுமா என்று மட்டும் கேட்டாள். அது தப்பு, மோசடி, பதினேழு வருஷ நேர்மைக்கு இழுக்கு என்றெல்லாம் அவர் மூன்று நிமிஷம் பேசினார். நாலாவது நிமிஷம் எண்ணைத் தேடிக்கொடுத்தார்.

ஒன்று ஆனது. ஒன்றோடு நிறுத்தினால் என்ன பிரயோஜனம் என்று மச்சினனைப் பிடித்தார். உதவி எண்ணில் மெஷினின் வரிசை எண்ணையும் கேட்பார்கள் என்பதால், கிடங்கில் நின்ற பெட்டிகளிலிருந்து எண்களைக் குறித்துவந்து கொடுத்தார். மச்சினனுக்கு நாடகத்தில் நடித்த அனுபவம் உண்டு. ஒரே வாரத்தில் மூன்று குரலில் பேசினான். அதில் ஒன்று பெண் குரல்.

"அந்தம்மாவுக்குப் பாவம், தொண்டை ரொம்பக் கட்டியிருக்கு சார்," என்றாள் உதவி எண் பெண்.

மூன்று கூடைகளும் ஒரே விலாசத்துக்குப் போனதை அவள் கவனிப்பதற்குள் வேறு விலாசங்கள் தேவைப்பட்டன. சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி, மாடி வீட்டுக்காரர் என்று ஆள் சேர்த்துக்கொண்டே போனவர், கடைசியில் போகக்கூடாத இடத்துக்கும் போனார். மாமியாரிடம் போனார்.

பக்க எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு இரண்டு தடவை படித்துப் படித்துச் சொன்னார். மாமியார் எண்ணைச் சொன்னார். பிறகு, ஒரு பெண் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாளே என்று, இருபத்தைந்து நிமிஷம் பேசினார். மெஷின் ஆடுகிறது, ஆடிக்கொண்டே சமையலறை வரை நடந்து வருகிறது, வாரம் ஒரு காலுறையை விழுங்குகிறது என்று மகள் வீட்டுக் குறைகளையெல்லாம் தன் குறைகளாகக் கொட்டினார். உதவி எண் பெண் கடமை தவறாதவள். மறுநாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் வருவார் என்று பதிவு செய்துவிட்டாள்.

மாமியார் வீட்டில் அன்றுவரை இருந்த ஒரே மெஷின் தையல் மெஷின்.

விடிந்ததும் விடியாததுமாகக் கையேட்டுக்காரரும் மச்சினனும் வீட்டு மெஷினைப் பெயர்த்து, ஒரு சின்ன வண்டியில் ஏற்றி, மாமியாரின் மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பெயர்க்கும்போது காலடியிலிருந்து கையேடு விழுந்தது. அம்மாவுக்கு நாலு வரி சொல்லிக்கொடுக்கலாமே என்று மச்சினன் கவரைக் கிழிக்கப் போனான்.

"பிரிச்சுடாதடா," என்று பிடுங்கிக்கொண்டாள் மனைவி. "மெஷின் திரும்பி வந்தா காலுக்கு வேணும்."

மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்த்தார். மாமியார் வீட்டுத் தரை மட்டமானது. மெஷின் ஆடவே இல்லை. மெக்கானிக் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் மாமியார் சளைக்காமல், தரை மட்டமாக இருக்க வேண்டும் என்றுதான் கையேட்டிலேயே போட்டிருக்கிறதே, இப்போதுதான் நகர்த்திவைத்தேன் என்றார். அசந்துபோன மெக்கானிக், இப்படிக் கையேட்டைக் கரைத்துக் குடித்த வாடிக்கையாளரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் மாமியார் நாலு போர்வையைப் போட்டுத் துவைத்தார். அதோடு மெஷினைத் திருப்பித் தருகிற பேச்சு நின்றது.

"இங்கேயே இருக்கட்டும் மாப்பிள்ளை. திரும்பவும் பார்க்க வந்துட்டாங்கன்னா?"

வீட்டில் கூடை இருந்தது, மெஷின் இல்லை. துணியைக் கையால் கசக்கிக்கொண்டிருந்த மனைவி அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

கெடுவுக்கு முந்தின நாள், உதவி எண் பெண்ணிடம் கேட்கக் கூசி, அவர் தானே கணக்குப் பார்த்தார். தன் தரப்பில் பதினொன்று. இன்னும் ஒன்பது வேண்டும், இனி உறவில் ஆளில்லை. யோக்கியதையும் போய், வேலையும் போகப் போகிறது. ராஜினாமாக் கடிதத்தைக்கூடப் படிப்படியாக எண் போட்டு எழுதி முடித்தார்.

மறுநாள் உதவி எண் பெண் பட்டியலை நீட்டினாள். மொத்தம் இருபத்துமூன்று.

அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். தன் பதினொன்றைக் கழித்தால் பன்னிரண்டு. முகம் தெரியாத பன்னிரண்டு பேர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தன் எழுத்தை முப்பத்தேழாம் பக்கம் வரை படித்திருக்கிறார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழுதார். வேலை தப்பியது அப்போது நினைவிலேயே இல்லை. வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது மனைவி எட்டு நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"அப்போ நிஜமாவே படிக்கிறாங்களா?" என்றாள். அவள் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

முதலாளி தோற்றாலும் பெரிய மனசுக்காரர். மெக்கானிக்கின் அறிக்கையைப் படித்துவிட்டு, மாமியாரைச் சிறந்த வாசகியாகத் தேர்ந்தெடுத்து, போன் செய்த எல்லோரையும் அலுவலகக் கூடத்துக்கு வரவழைத்துவிட்டார்.

ஒரு பக்கம் கையேட்டுக்காரரின் உறவு உட்கார்ந்திருந்தது. மாமியார் முதல் வரிசையில், மெஷினில் துவைத்த புடவையில். மறுபக்கம் அந்தப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஒரு பெரியவரை நெருங்கி, எந்த வரி பிடித்தது என்று கூச்சத்தோடு கேட்டார். எல்லாமே நல்லா இருந்தது தம்பி என்று சொல்லிவிட்டுப் பெரியவர் துறைத் தலைவரைப் பார்த்தார். பெரியவருக்கும் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் அதற்கடுத்த இரண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி இருந்தது. எங்கேயோ பார்த்த மூக்கு. தலைவர் ஏசி அறையில் ஏனோ வியர்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி எழுந்து, தான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். எழுத்துப் பிரிவு இருக்கும், இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாம், அடுத்த பதிப்பில் முப்பத்தேழாம் பக்கம் வண்ணத்தில் வரும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். புதுக் கையேட்டுக் கட்டுகளை இறக்க வந்த அச்சகக்காரர் கதவோரம் நின்று தானும் தட்டினார்.

முதலாளி அவரைக் கூப்பிட்டு, கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னார். சிறந்த வாசகி அந்த முப்பத்தேழாம் பக்கத்தை எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டட்டும் என்றார்.

அச்சகக்காரர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"முப்பத்தேழா? பெட்டிக்குள்ள புத்தகம் அடங்கலைன்னு பேக்கிங்ல சொன்னாங்களே சார், ரெண்டு வருஷமா நாங்க முப்பத்திரெண்டோட நிறுத்திடறோம்."