விலை போகாத வண்டிக்கு வந்த விலை

யசோத்தோனிலிருந்து

மதிப்பிற்குரிய அத்தான் பைரோத் அவர்களுக்கு,

மைத்துனன் காம்சிங் கைகூப்பி எழுதுவது. இங்கு நான், மனைவி ராத்ரீ, வண்டி மூவரும் நலம். அங்கு அக்காவின் மூட்டுவலி தேவலையா?

மலிவான பிக்கப் வாங்காதே, விற்கப் போனால் இரும்பு விலைதான் கிடைக்கும் என்று அன்றே சொன்னீர்கள். போன மாதம் ராத்ரீயையும் ஏற்றிக்கொண்டு, பழைய வண்டி வியாபாரி அனனிடம் போனேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம் பாட் கொடுத்து வாங்கிய வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "அறுபதாயிரம். அதுவும் உன் மூஞ்சிக்காக" என்றார்.

"நாலு வருஷந்தானேண்ணே ஓட்டியிருக்கேன்?"

"ஷோரூம் வாசலைத் தாண்டினப்பவே பாதி போச்சு தம்பி."

திரும்பும் வழியில் மழை. சி நதி பெருகிச் சாலையில் ஏறிவிட்டது. ஊர் எல்லையில் எதிர்வீட்டுத் தோன் முழங்கால் தண்ணீரில் நின்று கையை ஆட்டினான். பக்கத்தில் அவன் மனைவி சுனிசா, நிறைமாதம், வலி கண்டுவிட்டது. பின்தொட்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, ராத்ரீயையும் தோனையும் துணைக்குப் பின்னால் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். பாலத்தின் மேல் எஞ்சின் நின்றுவிட்டது. நான் சாவியைத் திருகத் திருக, "இந்த ஓட்டை வண்டியில ஏன்யா என்னை ஏத்துன" என்று சுனிசா தோனைத் திட்டினாள்; ராத்ரீ என்னைத் திட்டினாள்; நடுவில் மூன்றாவது குரல் ஒன்று அழுதது. பெண் குழந்தை. நானும் அழுதேவிட்டேன். அடுத்த திருகலில் வண்டி கிளம்பியது.

குழந்தை பிறந்த வண்டி ராசியானது என்று மறுநாளே ஊர் முழுவதும் வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு லாட்டரிச் சீட்டு வாங்கியது. விழுந்துவிட்டது அத்தான். பாதி ஊருக்குப் பரிசு. அன்று முதல் வண்டிக்கு வண்ணத் துணி, சாமந்தி மாலை, சிவப்புச் சோடா படையல். அடுத்த எண் தெரிகிறதா என்று கதவில் பவுடர் பூசித் தேய்த்துப் பார்க்கிறார்கள். அனனே வீடு தேடி வந்தார்.

"நாலு லட்சம் தர்றேன், குடு."

"பழைய வண்டியாச்சேண்ணே."

"வண்டியில்ல தம்பி, சாமி. சாமிக்கு ஏது தேய்மானம்?"

முடியாது என்றுவிட்டேன். உங்கள் பெரிய கம்பெனி வண்டி வாங்கிய விலைக்கு மேல் போகுமா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. புத்தர் அருளால் உங்கள் வண்டியின் விலையும் இறங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
காம்சிங்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இன்றைய குலுக்கல் முடிந்தது. நம் எண் வரவில்லை. மாலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சோடாவைக்கூட விடவில்லை. அனன் நாற்பதாயிரம் என்கிறார். பவுடர் தேய்த்துப் பெயின்ட் கெட்டுவிட்டதாம். உங்கள் பக்கம் யாராவது நிறைமாதமாக இருந்தால் உடனே தகவல் கொடுங்கள். வண்டியோடு வருகிறேன்.