முக்கால் கிலோ ஷேவிங் செட்டு

கணபதி, கோயமுத்தூர்
12.6.1994, ஞாயிறு

மதிப்பும் பாசமும் மிக்க தாராபுரம் மச்சான் தம்பிதுரை அவர்களுக்கு,

கணபதியிலிருந்து வெள்ளியங்கிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை சுப்பாத்தாள், மகள் கோகிலவாணி மூவரும் நலம். என் முகத்தை மட்டும் நான்கு நாளாகத்தான் இதில் சேர்த்திருக்கிறேன். அங்கு நீங்களும் அக்காவும் குழந்தைகளும் காற்றாடப் பட்டறை போட்டுக் குவித்து வைத்திருக்கும் சின்ன வெங்காயமும் நலமென நம்புகிறேன். நலம் விசாரித்தது போதும், இனி உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஊத்துக்குளி ஆறுச்சாமி அண்ணன் குடும்பத்தோடு வந்து கோகிலாவைப் பார்த்துவிட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள். "வெள்ளிக்கிழமைக்குள்ளாற சொல்லியுடறமுங்க" என்றார். இரண்டு வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. பையன் சுரேந்தர் தங்கமான பையன். கோகிலாவுக்கும் பிடித்துவிட்டது; பேப்பர் படிப்பதுபோல் வாசலில் நின்று போஸ்ட்மேனைப் பார்க்கிறாள், பேப்பர் தலைகீழாக இருக்கிறது. நேற்று தரகர் வந்து என் காதில் போட்ட சேதி இது: "பொண்ணோட அப்பனும் தாய்மாமனும் கைகலந்துட்டாங்களாமுங்க. அடி வாங்குனவரு ஊட்டுல உக்காந்திருந்தாரு, அடிச்சவரு அந்தப் பக்கமே வரலீங்கன்னு பேசிக்கறாங்க." தாய்மாமன் முறைத்துக்கொண்ட வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஆகவே மச்சான், நீங்கள் உடனே ஊத்துக்குளிக்கு நேரில் போய், என்னை நீங்கள் அடிக்கவில்லை, ஒரு ஷேவிங் செட்டுதான் அடித்தது என்று சொல்லியாக வேண்டும். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் அது முழுக்க முழுக்க என் இடது கன்னத்தால் போனதாகும். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் தோல் பார்வைக்குத்தான் எருமைத்தோல். பிளேடு பட்டால் பச்சைக்குழந்தை. சவரம் செய்த அரை மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து, ஆளைக் கட்டெறும்புப் புற்றில் குப்புறப் போட்டு எடுத்த மாதிரி ஆகிவிடும். சலூனில் படிகாரம் தேய்த்தால் நாற்காலியோடு எழுந்துவிடுவேன். புதிதாக வந்திருக்கும் பிளாஸ்டிக் செட்டில் இரண்டு பிளேடு. முதல் பிளேடு செய்த தப்பை இரண்டாவது பிளேடு உறுதிப்படுத்துகிறது. பெண் பார்க்க வருகிறார்களே, இந்த ஒரு முறையாவது மனிதமுகத்தோடு உட்காரலாம் என்று பெரிய கடை வீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அப்துல் நாசர் பாயிடம் போனேன். அவர் என் தாடையைப் பிடித்து, கத்தரிக்காயில் புழு பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தோலு நொம்ப மெல்லிசுங்க. ரெட்டை பிளேடெல்லாம் ஆகாது. ஒத்தை பிளேடு போடற செட்டு, நல்ல கனமா இருக்கோணும். கனம் இருந்தா நீங்க அழுத்த வேண்டியதில்லை, அதுவே எறங்கும். பிளேடுக்கும் இந்தத் தடுப்புக்கும் நடுவுல சந்து கம்மியா இருக்கோணும். வெந்நி வெச்சு, நுரையை நல்லா ஊற உட்டு, முடி போற போக்குலயே இழுங்க. எதிர்ப்போக்குல இழுத்தீங்கன்னா எங்கிட்ட வராதீங்க, நேரா டாக்டர்கிட்டப் போயிருங்க" என்று சொல்லி, கனத்த செட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

புத்தியுள்ளவன் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பான். நானோ கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வீதியில் எவன் கையில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் விலை கேட்க மாட்டான். திருப்பிப் பார்த்து, "இதென்னங்க, வெறும் டர்னிங் வேலை, லேத்துல கடைஞ்சா முடிஞ்சது, நாமளே போட்டுக்கலாம்" என்பான். எதிர்ப் பட்டறைக்காரர் மாமியாருக்குப் பல் செட்டையே சொந்தமாகச் செய்து கொடுத்தார். பாவம், அந்த அம்மணி இன்னும் கஞ்சிதான் குடிக்கிறது. அந்த மண்ணின் வியாதி எனக்கும் உண்டு. சட்டைப் பையிலிருந்த வெர்னியரை எடுத்துச் செட்டை மேலும் கீழும் அளந்தேன்.

"ஏனுங்க, வாங்க வந்தீங்களா, சர்வே பண்ண வந்தீங்களா?"

"சும்மா பாத்தனுங்க பாய்."

"பாத்தாப் போதாதுங்க, மொகத்துல வெச்சாத்தான் தெரியும்."

ஒரு பாக்கெட் பிளேடு மட்டும் வாங்கிக்கொண்டு நழுவினேன். பட்டறையில் நரசிம்மலு, இருபது வருஷமாகப் பம்புசெட்டுப் பாகங்களே கடைந்து கைதேர்ந்தவர், ஒரு பித்தளை ராடை லேத்தில் மாட்டினார். கனமாக இருக்க வேண்டும் என்று பாய் சொன்னாரே தவிர, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நாங்களும் நிறுத்தவில்லை. முடித்துத் தராசில் வைத்தால் முக்கால் கிலோ. சந்தின் அளவை நான் சரியாகத்தான் குறித்துக் கொடுத்தேன். நரசிம்மலு தம் அனுபவத்தில் கொஞ்சம் சேர்த்துவிட்டார். "துளி லூஸ் உட்டிருக்கனுங்க மொதலாளி. டைட்டா வெச்சா ஓட ஓடச் சூடாகிப் புடிச்சுக்குமுங்க" என்றார். நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்றுச் சுற்றும் மோட்டாருக்கு அது நியாயம். என் கன்னம் சுற்றாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் தம் தாடியைத் தடவிக்கொண்டு, "மொதல்ல மொதலாளிதானுங்க" என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணி. பத்தரைக்கு அவர்கள் வருகிறார்கள். வெந்நீர், நுரை, முடி போகிற போக்கு, எல்லாம் பாய் சொன்னபடி. கனம் இருந்தால் அதுவே இறங்கும் என்றாரல்லவா, இறங்கியது. காதோரம் வைத்தேன், தாடையில்தான் நின்றது. திடுக்கிட்டுக் கையை உதறியதில் மூக்குக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சத்தம் கேட்டுச் சுப்பாத்தாள் ஓடி வந்தாள்.

"ஐயோ, என்னங்க பண்ணிப்போட்டீங்க!"

"ஒண்ணுமில்லை, கொஞ்சம் வேகமா எறங்கிப்போச்சு."

"மீசையில பாதி எங்கீங்க?"

"அதான் பாத்துட்டிருக்கறேன்."

"பாதி மீசையோட உக்காந்தா எவன் பொண்ணெடுப்பான்? மூஞ்சியக் காட்டுங்க இப்படி" என்று துணி வெட்டும் கத்தரியால் மீதியையும் எடுத்துவிட்டாள். முப்பது வருஷத்து மீசை. அந்த இடத்தில் ஒன்று, கன்னத்தில் மூன்று என்று பிளாஸ்திரி ஒட்டி, மேலே பவுடர் கொட்டி, சட்டை மாட்டி நாற்காலியில் வைத்தாள்.

ஆறுச்சாமி அண்ணன் உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் பார்த்து, "பொண்ணோட அப்பா வெளியூருங்களா?" என்றார். "நாந்தானுங்க" என்றேன். காப்பி குடிக்கும்போது ஒரு பிளாஸ்திரி டம்ளருக்குள் விழுந்தது. மரியாதைக்காக அதோடு குடித்து முடித்தேன். "தாய்மாமன் வரலீங்களா?" என்று கேட்டார். தாடையை அசைத்தால் ரத்தம் வரும் என்று, "தம்பிதுரை வரலீங்க. வெங்காயம் புடுங்கறாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். வெட்டுப்பட்ட முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, வராத மச்சான் பேரைச் சொன்னால் ஊர் என்ன நினைக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் பாயிடமே போனேன். என் முகத்தைப் பார்த்தார். அதே செட்டை எடுத்து வைத்து, "மறுபடி அளக்கறீங்களா?" என்றார். வாங்கி வந்துவிட்டேன். காயம் ஆறியபின் நான்கு நாளாக அதில்தான் சவரம். ஒரு தடிப்பில்லை, ஒரு சிவப்பில்லை. பெண் பார்ப்பு இனிமேல் நடந்தால் மாப்பிள்ளையைவிட நான் அழகாக இருப்பேன். ஆனால் இனி ஒரு பெண் பார்ப்பு வேண்டாம் மச்சான். சுரேந்தரே போதும். வெங்காயம் கிடக்கட்டும், இது கைக்குக் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் ஊத்துக்குளி போய் உள்ளது உள்ளபடி சொல்லி, என் மகளுக்குப் பேப்பரை நேராகப் பிடிக்க வழி செய்யுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, நல்ல தோலோடு நூறாண்டு இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் அன்பு மச்சான்,
வெள்ளியங்கிரி

பி.கு.: ஊத்துக்குளிக்குப் போக வேண்டாம். இதை ஒட்டப் பசை கேட்டபோது, "யாருக்குங்க, இத்தனை பக்கம்?" என்று சுப்பாத்தாள் வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். போன வியாழனே பக்கத்து வீட்டு போனில் ஆறுச்சாமி அண்ணன் சம்சாரத்திடம் பேசி முடித்துவிட்டாளாம். தரகர் கொண்டுவந்தது அதற்கு முந்தின சேதியாம்; அவர்களுக்குப் பூரண சம்மதம். நிச்சயம் வருகிற இருபத்தொன்பதாம் தேதி. எனக்கும் கோகிலாவுக்கும் சொல்லவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் சொன்னா நீங்க அன்னைக்கே ஓடிப்போயி உண்மையச் சொல்லிப்போடுவீங்க" என்கிறாள். அவள் அவர்களிடம் சொன்னது என்னவென்றால், அன்று காலை நீங்கள் தாராபுரத்திலிருந்து வந்து, மச்சான் முறைக்கு விளையாட்டாக, நீங்களே செய்த முக்கால் கிலோ செட்டால் எனக்குச் சவரம் செய்கிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து, முகத்தை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடிவிட்டீர்கள் என்பது. முகத்துக்கும் காரணம் ஆயிற்று, நீங்கள் வராததற்கும் காரணம் ஆயிற்று. "மாமன் மச்சானுக்குள்ள இவ்வளவு ஒறவு இருக்கற ஊட்டுல கண்ண மூடிட்டுப் பொண்ணெடுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். முக்கால் கிலோ சாமானைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். அது உங்களுடையது, செய்ததும் நீங்கள்தான். ஆறுச்சாமி அண்ணன் அதைப் பார்க்க ரொம்ப ஆசைப்படுகிறாராம், நிச்சயத்துக்கு மறக்காமல் எடுத்து வரவும். அதோடு, அன்றைக்கு மாப்பிள்ளைப் பையனை உங்களோடு தனியாக விடுவதில்லை என்று அவர்கள் வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.