இரண்டாம் வரிசையில் ஒரு அபசுரம்

பதிவுக்கருவியில் போன ஞாயிறு ஆராதனையின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சரணத்தில் ஒரு குரல் மட்டும் பாடகர் குழுவை விட்டுத் தனியே எங்கோ கிளம்பிப் போனது.

"யார் அது?" என்றாள் பாட்டு டீச்சர்.

பதினாறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

டீச்சருக்குத் தெரியாதா என்ன! இருபது வருஷமாகக் குழுவை நடத்துகிறவள். புதிதாக வந்து சேர்ந்த சலவைக்கடைக்காரிக்கு சுரம் படிக்கத் தெரியாது. ஈரத்துணியை உதறுகிற மாதிரி பாடுவாள். அதுவும் இரண்டாம் வரிசையில் டீச்சரின் தோளை உரசிக்கொண்டு நின்று!

"நீங்க பின்னாடி போய் நில்லுங்க."

"சரிங்கம்மா."

அடுத்த ஞாயிறு அபசுரம் இன்னும் பளிச்சென்று கேட்டது. தள்ளி நிறுத்தினால் குறையத்தானே வேண்டும்? குழம்பிப்போன டீச்சர், அவளை ஆர்கனுக்கு அந்தப் பக்கம், கடைக்கோடிக்கு அனுப்பினாள். அந்த வாரம் ஆர்கன் வாசிப்பவரே இரண்டு இடத்தில் தடுமாறினார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எந்த சுருதியைப் பிடிக்கறதுன்னே தெரியலைங்க."

டீச்சர் நேரே போதகரிடம் போனாள். "அந்தம்மாவை நிறுத்திடறேன் ஐயா. கர்த்தரைப் பாடற குரலா அது?"

போதகருக்குத் திடீரென்று இருமல் வந்தது. "உங்க பக்கத்துலயே நிக்கட்டுமேம்மா..."

"முடியவே முடியாது!"

"கடையில உங்களுக்கு வேலை ஜாஸ்தி இருக்கும், பாவம்" என்று சொல்லி டீச்சரே சலவைக்கடைக்காரியைக் குழுவிலிருந்து அனுப்பிவைத்தாள்.

அந்த ஞாயிறு, முதல் சரணத்திலேயே சபை முழுக்கத் தலை நிமிர்ந்தது. முன் பெஞ்சில் ஒரு குழந்தை வீறிட்டது.

ஆள் போன பிறகும் அபசுரம் போகவில்லையே! ஒலிபெருக்கியைச் சந்தேகப்பட்டு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

மாலையில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். சலவைக்கடைக்காரி பக்கத்தில் நின்ற ஞாயிறுகளில், அந்த ஒரு சரணம் தவிர, பாட்டு இழைந்து ஓடியது. அவள் தள்ளிப்போகப் போகத்தான் எல்லாம் சிதறியது.

டீச்சர் பதிவுக்கருவியை நிறுத்தினாள். குழுவைத் தாங்கிப் பிடித்த குரலையே விரட்டிவிட்டோமா? கடைக்காரி, படிக்காதவள் என்று நினைத்ததால்தானே? முழங்காலில் நின்றாள். ஜெபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

மறுநாள் காலை சலவைக்கடை வாசலில் மூன்று தடவை திரும்பிப் போகப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"உங்களை மட்டமா நினைச்சுட்டேன். மன்னிச்சிருங்க. திரும்பி வந்து என் பக்கத்துலயே நில்லுங்க." இருபது வருஷத்தில் அவள் கேட்ட முதல் மன்னிப்பு அது.

சலவைக்கடைக்காரி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கட்டாயம் வரேம்மா. போதகர் ஐயா பாவம், நாலு தடவை வந்து கெஞ்சிட்டாரு. 'நீ பக்கத்துல நின்னு சத்தமா பாடினாத்தாம்மா டீச்சர் குரல் வெளிய கேக்காம இருக்கும்'னு!"