பத்துக்குப் பத்து வாங்கியவன் வீட்டு விருந்து

சுத்தமாகத் தெரியாத விஷயத்தைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். பாதி தெரிந்த விஷயம் என்றால்தான் என்னை நிறுத்த முடியாது. (“பாதியாங்க? கால்வாசின்னு எழுதுங்க” என்கிறாள் என் மனைவி ஷீலா. எழுதிவிட்டேன்.) அப்படி நான் கால்வாசி தெரிந்து வைத்திருந்த ஒரு விஷயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு கறிவேப்பிலை மரத்தடியில் வந்து முடிந்தது.

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை எனக்கு. பாங்காக்கில் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். அங்கே இரண்டு வருடம் போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். தாய்லாந்து மொழியிலும் பண்பாட்டிலும் இடைநிலைச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த நாற்காலி என்று சொல்லிவிட்டார்கள். நான் அன்றைக்கே சூட்கேஸ் விலை விசாரித்துவிட்டேன்.

ஆன்லைனில் சேர்ந்து ஆரம்பநிலையை முடித்து, இடைநிலைக்கு வந்தேன். வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு வகுப்பு. டீச்சர் சியாங் மாயில் இருந்தார். க்ரூ மாலி என்று கூப்பிடுவோம். க்ரூ என்றால் அவர்கள் ஊரில் டீச்சர். மெல்லிய குரல், எப்போதும் ஒரு சிரிப்பு. நான் தப்பாகப் பேசினாலும் அதே சிரிப்பு, சரியாகப் பேசினாலும் அதே சிரிப்பு. எல்லாம் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பண்பாட்டுப் பாடத்தில் முக்கியமானது க்ரெங் சாய். அடுத்தவர் மனம் கோணக் கூடாது என்று தன் சங்கடத்தை வெளியே சொல்லாமல் இருப்பது. விருந்தாளி வாயால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வீட்டுக்காரர்தான் முகம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து. அதைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தாய்லாந்து எழுத்து வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதால் தினமும் நானே நின்று படித்துக்கொண்டேன்.

அப்போதுதான் க்ரூ மாலி கோவைக்கு வந்தார். எங்களுக்குப் பாடம் நடத்தியே அவருக்கு வந்த கழுத்துவலிக்கு, இங்கே ஆயுர்வேத வைத்தியம். “உன் வாய்மொழித் தேர்வை உன் வீட்டிலேயே வைத்துக்கொள்வோமா?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாங்காக் விமானத்தில் ஜன்னல் சீட்டா, நடுசீட்டா என்பது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன்.

வீட்டில் மூன்று பேர். நான், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஷீலா, என் அம்மா. ஒரு வாரம் இருவருக்கும் பயிற்சி கொடுத்தேன். கும்பிடும்போது விரல் நுனி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், காலை யார் பக்கமும் நீட்டக் கூடாது, தலை புனிதமானது, தெரியாமல்கூட யார் தலையையும் தொடக் கூடாது.

“அப்ப அவீக ஊர்ல பேன் எப்படிப் பாப்பாங்க கண்ணு?” என்றார் அம்மா. அது பாடத்தில் இல்லை.

எல்லாம் இவர்களுக்குச் சொன்னேனே தவிர, எங்கள் பக்கத்து வழக்கத்தை க்ரூ மாலியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் முதல் தடவை “போதுங்க” என்றால் அது மரியாதை. இரண்டாம் தடவை வெட்கம். இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தால்தான் பேச்சுவார்த்தையே தொடங்கும். இலையை மடக்கினால்தான் முடியும். இலையில் இடம் தெரிந்தால் சோறு விழும். என் அம்மா கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவர். சின்ன வயதில் அரைவயிற்றோடு எழுந்த நாட்களை அவர் மறக்கவில்லை. வெறும் இலையைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது.

க்ரூ மாலிக்கோ, இலையில் விழுந்ததை மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனம் புண்படுமே என்ற கவலை.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, அம்மா ஜெபம் சொல்லி, சாப்பாடு தொடங்கியது. அரிசிம்பருப்புச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, இடியாப்பம் மாதிரிப் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, எங்கள் பக்கத்துப் போளியான ஒப்பிட்டு. க்ரூ மாலி ரசித்துச் சாப்பிட்டார். இலை காலியானது. அம்மா போட்டார். சாப்பிட்டார். காலியானது. அம்மா போட்டார்.

“இம் லேவ்” என்றார் க்ரூ மாலி, சிரித்துக்கொண்டே. வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

“என்ன சொல்றாங்க கண்ணு?”

“போதுமாம், அம்மா.”

“மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நெம்ப மரியாதக்காரப் புள்ள. வெக்கப்படாம உண்ணு அம்மணி!” என்று இன்னொரு கரண்டி வைத்தார் அம்மா.

நான் தடுக்கவில்லை. ஏனென்றால் நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அதாவது, க்ரெங் சாய் பற்றித் தாய்லாந்து மொழியில் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். “விருந்தாளியின் முகத்தைப் படிப்பதே வீட்டுக்காரரின் கடமை” என்று க்ரூ மாலியிடமே, மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, கைகளை ஆட்டி விளக்கினேன். அவர் சந்தகையை விழுங்கிக்கொண்டே தலையாட்டினார். அன்றைக்கு என் உச்சரிப்பு அபாரம் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

“ஏனுங்க” என்று ஷீலா என் முழங்கையை இடித்தாள். “அவங்க மொகத்தப் பாருங்க. மேலுதட்டுல வேர்த்திருக்குது.”

“அவங்கூர்ல சிரிப்பே அஞ்சாறு வகை இருக்குது ஷீலா. இது திருப்தியான சிரிப்பு. நான் படிச்சிருக்கேன்.”

“ஆஸ்பத்திரில நான் தெனமும் பாக்குற சிரிப்புங்க இது. வாந்திக்கு முன்னால வரும்.”

அதற்குள் அம்மா மூன்றாவது ஒப்பிட்டை வைத்து நெய் ஊற்றினார். க்ரூ மாலி எழுந்தார். எங்கள் மூவரையும் பார்த்து, விரல் நுனி சரியான உயரத்தில் இருக்க அழகாக ஒரு கும்பிடு போட்டார். பிறகு பின்கதவு வழியாக ஓடினார்.

கறிவேப்பிலை மரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாந்தி எடுக்க, பின்னாலேயே ஓடிய ஷீலா, யாராக இருந்தாலும் செய்வதுபோல் ஒரு கையால் முதுகைத் தடவி, மறு கையால் அவர் நெற்றியைத் தாங்கினாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தண்ணீர் கொண்டு போயிருக்கலாம். நான் கொல்லைப்புற வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினேன்: “ஷீலா! தலையைத் தொடாதே!”

ஷீலா திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். “நெசமாலுமே போதும்னு சொல்லிருக்குது அந்தப் புள்ள. நாந்தான் ஊட்டிக் கொல்லப் பாத்துபோட்டேன்.” எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு அவருடையது இல்லை. போதும் என்று அந்தப் பெண் சொன்னதைப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒரே ஆள், அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

அன்று மாலை வரை க்ரூ மாலி ஷீலாவின் கட்டிலில் படுத்திருந்தார். ஷீலா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. மொழி: தேர்ச்சி. பண்பாடு: மறுபடி படிக்கவும். கீழே ஒரு குறிப்பு: மாணவர் நன்றாகப் பேசுகிறார். எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை.

பாங்காக் நாற்காலி வேறொருவருக்குப் போனது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த கட்டுரையைக் கிழித்துவிட்டு, ஷீலா இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதி ஒட்டினாள். இதை எல்லோராலும் படிக்க முடிந்தது.

நான் விடவில்லை. பண்பாட்டுப் பாடத்தை மறுபடி முழுதாகப் படித்தேன். இரண்டாம் தேர்வு ஆன்லைனில். க்ரூ மாலி திரையில் வந்ததும், இந்த முறை முகத்தைப் பார்த்து, “சாப்பிட்டீர்களா?” என்று அவர் மொழியில் கேட்டேன். பாவம், சியாங் மாயில் இருந்துகொண்டே சட்டென்று கையை நீட்டி மறித்து, “இம் லேவ், இம் லேவ்!” என்றார். எங்கள் வழக்கத்தை அன்றைக்குக் கட்டிலருகே உட்கார்ந்து ஷீலா சைகையாலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அறைக்கு வெளியே அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தேர்ச்சி கொடுத்தார்கள்.

சான்றிதழ் இருக்கிறது, போகத்தான் இடம் இல்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தவர்கள் “போதுங்க” என்றால் அம்மா கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, “ஷீலா, மொகத்தப் பாத்துச் சொல்லு கண்ணு” என்பார். என்னைக் கேட்பதில்லை.

போன மாதம் வால்பாறைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குடலைப் பிரட்டியது. காரை நிறுத்தச் சொல்லி ஓடிப்போய் மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தலை சுற்றியது. ஒரு கை நெற்றியைத் தாங்கினால் தேவலை என்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஷீலா நாலடி தள்ளி நின்று, விரல் நுனி சரியான உயரத்தில் இருக்க, கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“தொட மாட்டனுங்க” என்றாள். “தலையாச்சுங்களே.”