மண்ணில் வைத்த காது

உயிரே போனாலும் மத்தியானத் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று மந்திரி அன்றைக்குச் சபதம் எடுத்தார். மந்திரி என்றால் நாட்டை ஆள்கிறவர் இல்லை, தன் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். சாப்பிட்டுக் கை கழுவினதும், ஏதோ அணையையே திறக்கப் போகிறவர் மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அதைப் பார்த்துப் பார்த்து மனைவி வைத்த பெயர்தான் பாசன மந்திரி. வீட்டில் முதல்வர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாய்ச்சுவது என்ன பெரிய வேலை? மடையை வெட்டிவிட்டு மரத்தடியில் சாய்ந்தால், பாத்தியெல்லாம் நிரம்பி வழிந்து தண்ணீர் காலைத் தொடும்போது விழித்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்தால் ஒட்டடை அடி, கதவுக்கு எண்ணெய் போடு என்று ஓயாத உத்தரவு. அந்த மரத்தடியில் மட்டும்தான் அவரை யாரும் "ஏங்க" என்று கூப்பிடமாட்டார்கள். மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்ட இடம் அது ஒன்றுதான்.

மனைவிக்கோ வேறு கவலை. கிணற்றுத் தண்ணீர் பாதித் தோட்டத்துக்குத்தான் வந்தது. மேற்குப் பாதி வருஷக்கணக்காகத் தரிசு. அதனால்தான் குழாய்க்காரரை வரவழைத்து, சொட்டுநீர்க் குழாய்களை மண்ணுக்குள்ளேயே புதைத்துவிடச் சொன்னாள். தண்ணீர் நேராக வேருக்குப் போகும், வெயில் உறிஞ்சாது, மேல்மண் காய்ந்தே கிடப்பதால் களையும் அவ்வளவாக முளைக்காது என்று அவர் விளக்கினார். மந்திரிக்கும் அதெல்லாம் சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தொட்டியில் வால்வைத் திறந்தால் போதும், தண்ணீர் விடத் தோட்டத்துக்கு யாரும் போகவே வேண்டாம் என்று கடைசியாக ஒன்று சொன்னாரே, அதில்தான் மந்திரிக்குப் பதவி பறிபோனது. சபதம் பிறந்ததும் அப்போதுதான்.

குழாய்க்காரர் வேலையை முடித்துப் போனதுதான் தாமதம், மந்திரி ஆரம்பித்துவிட்டார். வெளியே கிடக்கிற குழாய் என்றால் கண்ணால் பார்க்கலாம், புதைத்ததை எப்படிப் பார்ப்பது? வேர் உள்ளே புகுந்து துளையை அடைக்கும். எலி கடித்து வைக்கும். தண்ணீர் விடுகிற நேரத்தில் ஒரு ஆள் மண்ணில் காதை வைத்துக் கேட்டால்தான் உள்ளே நடக்கிற கூத்து தெரியும்.

"படுத்துக்கிட்டுத்தான் கேக்கணுமா?" என்றாள் மனைவி.

"நின்னுக்கிட்டு எப்படிக் கேக்கிறது? காது எங்க இருக்கு, மண்ணு எங்க இருக்கு?"

"பாவம், ரொம்பச் சிரமமாச்சே."

"குடும்பம்னா கொஞ்சம் சிரமப்படத்தான் வேணும்."

வால்வை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய்க் கேளுங்கள் என்று அவளே அனுப்பி வைத்தாள். காதில் மண் புகுந்துவிடப் போகிறதே என்று ஒரு பழைய போர்வையையும் மடித்துக் கொடுத்தாள். மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று மரத்தடி வரைக்கும் மனதார வருந்திக்கொண்டே போனார். போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் அவள் ஒன்று விடாமல் விசாரிப்பாள். அவரும் அளந்துவிடுவார். ஓரத்து வரிசையில் தண்ணீர் லேசாக இருமுகிறது, நடு வரிசை முணுமுணுக்கிறது என்பார். ஒருநாள் கிணற்றடி வரிசையில் அடைப்பு என்றே சொல்லிவிட்டார். குழாய்க்காரரைக் கூப்பிடட்டுமா என்று அவள் எழுந்ததும், வேண்டாம், மேலேயிருந்து தட்டிக்கொடுத்தேன், சரியாகிவிட்டது என்று சமாளித்தார். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பாவது வரவேண்டுமே! அவ்வளவு அக்கறையாகத் தலையாட்டினாள். தக்காளிச் செடிகளோ என்றைக்கும் இல்லாத செழிப்பில் காய்த்துக் குலுங்கின. எல்லாம் நம் காதின் ராசி என்று அவரே பாதி நம்பத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் நல்ல தூக்கத்தில், "ஏங்க, தண்ணி ஓடுதா?" என்று கேட்டது.

"பிரமாதமா ஓடுது. கிணத்தடி வரிசைகூட இப்ப நல்லாப் பேசுது" என்றார், கண்ணைத் திறக்காமலே. அப்புறம்தான் அது கனவில்லை என்று உறைத்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"விடியக்காலையிலயே விட்டு மூடிட்டேனே."

"எதை?"

"வால்வைத்தான். குழாய் புதைச்ச நாள்லேருந்து மத்தியானத்துல ஒரு சொட்டுக்கூட விடலை."

மந்திரிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மெல்ல.

"சொல்லியிருந்தா அப்புறம் கதை யார் சொல்றது? சாயங்காலம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். கிணற்றில் தண்ணீர் மிஞ்சுகிறது, அந்தத் தரிசையும் பயிராக்கிவிடலாம் என்றாள். அத்தனை வருஷம் காய்ந்து கிடந்த மண் பச்சையாகப் போகிறது என்று நினைத்தபோது மந்திரிக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. நாளைக்கே குழாய் பதிக்கலாம் என்று எழுந்து நின்று அறிவித்தார். பள்ளம் தோண்ட எத்தனை ஆள் சொல்லட்டும் என்று மிடுக்காகக் கேட்டார்.

அவள் போர்வையை உதறி விரித்து, மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

"ஆள் எதுக்குங்க? நீங்க தோண்டுங்க. ஒழுங்காத் தோண்டறீங்களான்னு நான் இங்க காதை வெச்சுக் கேட்டுக்கறேன்."