லெப்ட்-ரைட் அண்ணை பட்டாளத்தில் சேர்ந்த கதை

சிட்னி முழுக்கத் தேடினாலும் லெப்ட்-ரைட் அண்ணை அளவுக்கு அடுத்தவரைக் களைப்படைய வைக்கும் மனிதர் கிடைக்கமாட்டார். ஓடுவது அவராக இருக்கும். மூச்சு வாங்குவது நமக்கு.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஆளுக்கு ஓர் அறை எடுத்து இருவரும் குடியிருந்தோம். நான் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் அம்மாவோடு அகதியாக நியூசிலாந்து போய், அந்த நாட்டுப் பிரஜையாகி, நாற்பதை நெருங்கும் வயதில் இங்கே வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரர். அதுவரை சாதுவான மனிதர்தான்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. இங்கே ஒரு வருடம் வசித்த நியூசிலாந்துக்காரர்கள் ஆஸ்திரேலிய ராணுவத்தில் சேரலாம். தொண்ணூறு நாள் சேவை முடித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மறுநாள் அண்ணை கடையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு, "லெப்ட், ரைட்" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டபடி தெருவில் ஓட ஆரம்பித்தார். பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, இன்னும் மூணு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தாலே குடியுரிமை குடுத்துடுவாங்க. எதுக்கு இந்த ஓட்டம்?"

அவர் கேட்கவில்லை. ஒரு நாள் மூட்டையில் ஓட்டை விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அரிசிக் கோடு. பின்னாலேயே நாற்பது வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் அணிவகுத்து வந்தன. வாசலில் அவர் நிற்க, அவையும் நின்றன. அவர் படைத்தலைவராக இருந்த ஒரே நாள் அது. அந்தக் கிளிகள் ஒரு வாரம் எங்கள் கூரையை விட்டுப் போகவில்லை. வீட்டு ஓனரிடம் மன்னிப்புக் கேட்டவன் நான்.

பிறகு நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை. வேலை முடிந்து ரயிலில் தொங்கி வந்து விழும் என்னைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அதிகாரியாக நடிக்கச் சொல்வார். நான் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ஏன் ராணுவத்தில் சேர விரும்புகிறீர்கள்? அவர் பதிலை யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவார். நான் தூங்கிப்போவேன். விழிக்கும்போது அவர் ஆக்லாந்து வந்து சேர்ந்திருப்பார். சுருக்குங்கள் என்று தினமும் கெஞ்சினேன்.

முதல் முறை ஓட்டத் தேர்வில் தோற்றுவிட்டார். முழங்கால். திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். போதும் அண்ணே, விட்டுடுங்க என்றேன். அன்றுதான், ஒத்திகை எதுவும் இல்லாமல், அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வந்தது.

"சின்ன வயசில இருந்து வரிசையில நிண்டு நிண்டே நாடு வாங்கினனான், தம்பி. ஒவ்வொருத்தரும் பாவம் பார்த்துத் தந்தவை. இந்த ஒண்டையாவது வேலை செய்து வாங்குவம்."

இதையே சொல்லுங்கள் என்றேன். ஆறு மாதம் கழித்து முழங்காலும் சரியாகி, பதிலும் சுருங்கி, தேறிவிட்டார். படைக்குச் சமைக்கிற வேலை. ஆனால் முதலில் எல்லோரையும் போலத் துப்பாக்கி, அவர் பாஷையில் துவக்கு, பிடிக்கப் பழக வேண்டும். பயிற்சிக்காக வாகா வாகா என்ற உள்நாட்டு ஊர்ப் பக்கம் போனார்.

ஒரே ஒரு விஷயத்தை அவர் செய்யவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணையின் அப்பாவை, அண்ணைக்கு எட்டு வயதாக இருக்கும்போது, சீருடைக்காரர்கள் விசாரிக்க என்று வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. ஆக்லாந்தில் டிராபிக் போலீஸைக் கண்டாலே அந்த அம்மா தெருவின் மறுபக்கம் போய்விடுவாராம். மகன் பெரிய சமையல் பயிற்சியில் இருப்பதாக நம்பித்தான் பட்டமளிப்புப் பார்க்க சிட்னி வந்து இறங்கினார். சொல்லும் பொறுப்பை அண்ணை என் தலையில் கட்டியிருந்தார்.

"நீர் சொல்லும், தம்பி. உம்மட களைச்ச குரலில சொன்னால் எதுவும் பெரிசாத் தெரியாது."

ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்தின் முதல் மணியிலேயே சொல்லிவிட்டேன். அன்ரி, அண்ணையின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிட்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து, துவக்கும் குடுத்தவையோ என்று மட்டும் கேட்டார். ஆமா என்றேன்.

அணிவகுப்பு மைதானத்தில் மற்றக் குடும்பங்கள் முன்வரிசைக்கு முண்டியடித்தன. அன்ரி கடைசி வரிசைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாண்டு வாத்தியம் முழங்கும்போதெல்லாம் பிடி இறுகியது. எல்லாம் முடிந்து குடும்பங்களும் பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, அண்ணை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடி தள்ளியே நின்றுவிட்டார். கிட்டே வரப் பயம். ஓடி ஓடி மெலிந்து அந்தச் சீருடைக்குள் யாரோபோல இருந்தார்.

அன்ரிதான் நடந்து போனார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சில் இருந்த பெயர்ப் பட்டையில் விரலை வைத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். சிவபாலன். நம் வழக்கப்படி குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்.

"அப்பாவின்ர பேரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கினம்," என்றார்.

அண்ணை அழுதார். நான் கார் சாவியைத் தேடுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தொண்ணூறு நாள் நிறைந்து, விண்ணப்பித்து, சில மாதங்களில் குடியுரிமையும் வந்துவிட்டது. இப்போது வடக்கே ஒரு முகாமில் சமைக்கிறார். சான்றிதழ் வாங்கிய அன்று போன் செய்தார். வாழ்த்துச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, தனக்கு ஏதாவது ஆனால் அறிவிக்க வேண்டியவர் என்று படிவத்தில் என் நம்பரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு நேராகச் செய்தி போகக் கூடாதாம். உறவு என்ன என்ற இடத்தில் தம்பி என்று எழுதினாராம்.

"அண்ணே, ராணுவத்துக்கிட்ட பொய் சொல்லலாமா?"

"இதில என்ன பொய்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அன்றிலிருந்து நான் போனை சைலன்டில் போடுவதில்லை.